கலைஞர் கொடுக்கும் விலை



சென்ற ஆண்டு ஒருநாள் மாலையில் எங்கள் பொட்டிபுரத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். போடிநாயக்கனூருக்குச் சென்று திரும்பிய கல்லூரி இளைஞர் இருவர், ஒரு திரைப்பட நடிகரின் மாளிகையைக் கைப்பேசியில் பார்த்து வியந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் என் பழைய மாணவர். என்னைக் கண்டதும், "பாருங்கள் சார், இவருக்கெல்லாம் வாழ்க்கையில் என்ன குறை இருக்கும்?" என்று கேட்டார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. விடை சொல்ல நேரமில்லை. அன்று அவருக்குச் சொல்ல எண்ணியதையே இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

அந்த வினாவை நான் எள்ளி ஒதுக்கவில்லை. எங்கள் வட்டாரத்து இளைஞர்க்கு அஃது இயல்பான வினா. எங்கள் ஊருக்குச் சற்றுத் தெற்கே உள்ள பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டவர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் பள்ளி மாணவன். மறு ஆண்டே தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வெளிவந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிச் செல்வதற்காக விடியுமுன் எழுந்து நிற்கும் ஒரு தாயின் மகன், இதே மண்ணில் பிறந்தவர்கள் உலகறியப் பெற்றதை எண்ணிக் கனவு காண்பதில் தவறென்ன? நானும் ஒரு காலத்தில் பாடகனாகக் கனவு கண்டவன்தான். என் பாட்டைக் கேட்ட என் தந்தையார் அக்கனவை உடனே கலைத்துவிட்டார் என்பது வேறு கதை.

புகழ் வந்தால் என்ன நேரும் என்பதை எங்கள் ஊரே ஓரளவு கண்டிருக்கிறது. நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க எங்கள் ஊர் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற செய்தி பரவிய நாளில், அதுவரை தபால்காரரைத் தவிர வேற்று மனிதர் எவரும் நடவாத தெருக்களில் படக்கருவிகள் வந்து நின்றன. ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரை நிறுத்தி அணுத்துகளைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். முதல் நாள் அவருக்குப் பெருமையாக இருந்தது. பத்தாம் நாள் அவர் தம் ஆடுகளை வேறு பக்கமாக ஓட்டிச் செல்லத் தொடங்கினார். அவரால் அப்படி விலகிப்போக முடிந்தது. விலகிப்போக முடியாதவர்களைப் பற்றியதே என் பேச்சு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகம் நடைபெற்றது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரையில் நடந்த நாடகம் அது. முருகனாக வந்த ராஜபார்ட் நடிகர், வள்ளியோடு தர்க்கம் செய்யும் பகுதியில் மட்டும் இரண்டு மணி நேரம் பாடினார். ஊர் மயங்கிக் கிடந்தது. காலையில் தேநீர்க் கடை வாயிலில் அவரைக் கண்டேன். தகரப்பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார். காதோரத்தில் அரிதாரம் சரியாகக் கழுவப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "அண்ணே, ராத்திரி பாடின பாட்டை இன்னொரு தடவை பாடுங்கண்ணே" என்றனர். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கைகூப்பினார். கூட்டத்தில் ஒருவர், "காசு வச்சாத்தான் வாய் திறப்பாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். அன்றிரவே வேறோர் ஊரில் அவருக்கு நாடகம் இருந்தது. பகல் முழுதும் பேசாதிருந்தால்தான் இரவு பாட இயலும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

அந்த நாடக மரபைச் செப்பனிட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918ஆம் ஆண்டு மதுரையில் சிறுவர்களை மட்டுமே கொண்டு 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை அவர் நடத்தினார். 1912இல் பிறந்த தி. க. சண்முகம், தம் சகோதரர்களோடு அந்தச் சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. இத்தகைய சபைகளை மக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைத்தனர். சோறும் உடையும் கொடுத்து, பாட்டும் வசனமும் ஆட்டமும் கற்பித்த இடங்கள் அவை. அந்தப் புண்ணியத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் வீடும் அந்தச் சிறுவர்களுக்கு இல்லாமற்போயின. தந்தையை இழந்து வறுமையில் வாடிய எம்.ஜி.ஆர். அவ்வாறு ஒரு கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். சிவாஜி கணேசனோ, ஏழு வயதளவில் நாடக ஆசையால் வீட்டை விட்டு ஓடி, தாம் ஓர் அநாதை என்று சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தார். இதனை அவரே கூறியிருக்கிறார். தாயும் தந்தையும் இருக்க, அவர்கள் இல்லை என்று ஒரு குழந்தை சொன்ன அந்தச் சொல்லே அவர் கலைக்குக் கொடுத்த முதல் விலை என்று நான் கருதுகிறேன். பிற்காலத்தில் எத்தனை விருதுகள் வந்தாலும், தாயின் அருகில் கழிந்திருக்க வேண்டிய அந்த ஆண்டுகள் திரும்பி வருமா?

அச்சிறுவர்களுக்கு இன்னொரு துன்பமும் காத்திருந்தது. அதன் பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெரிதாகும்; குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்; குயில்போல் பாடிய குரல் உடைந்து கரகரக்கும். இயற்கையில் இது நோயன்று, வளர்ச்சியே. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதனால் கேலிப்பேச்சைத் தவிர வேறு நட்டமில்லை. கம்பெனிப் பிள்ளைக்கோ வேடமே போய்விடும். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டில் நின்று கைதட்டல் பெற்றவன், இன்று திரை இழுக்கவும் பெட்டி தூக்கவும் அனுப்பப்படுவான். குரல் மீண்டு வந்தால் அவனுக்கு வாழ்வு. வராவிடில் படிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. புகழ்பெற்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, குரல் மீளாத எத்தனையோ சிறுவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. இந்த மகரக்கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு நான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

குரல் மீண்டவர்களின் நிலைதான் என்ன? செங்கோட்டை கிட்டப்பா 1906இல் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும் குரல் அவருடையது. கொடுமுடி சுந்தராம்பாளும் அவரும் இலங்கையில் ஒரே மேடையில் தோன்றியது 1926இல். பின்னர் இருவரும் வாழ்விலும் இணைந்தனர். தமிழ்நாடு கொண்டாடிய அந்த இணையின் இல்வாழ்க்கை பிரிவும் ஏக்கமுமாகவே பெரிதும் கழிந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று தொட்டு அந்த அம்மையார் வெள்ளை உடுத்தினார். எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ருக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அக்காலத்தில் அது கேட்டவர் திகைக்கும் தொகை. அந்தப் படத்தில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். 1953இல் ஒளவையாராக வந்தார். சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினரானார். ஏற்றத்துக்கு ஒரு குறையுமில்லை. ஆயினும் 1980இல் மறையும் வரையில், நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாக, மேடையில் பொங்கிய அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது தனிமை. மக்கள் அந்தத் தனிமையையும் அவருடைய இசையின் ஒரு சிறப்பாகவே எண்ணிக் கேட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அடுத்து நான் சொல்லப்போவது எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் இரசிகருக்கும் பத்திரிகை வாசகருக்கும் பங்குண்டு.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்நாளில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் மஞ்சள் பத்திரிகை ஒன்றை நடத்திவந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று சொல்லி, மெய்யும் பொய்யும் கலந்து எழுதுவதே அதன் தொழில். முதலில் நடத்திய 'சினிமா தூது' நின்றபின் 'இந்து நேசன்' என்ற இதழில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றபோது அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடு தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டனர்.

இந்த நாட்களைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 'ஹரிதாஸ்' கண்ட மூன்று தீபாவளிகளுள் 1945, 1946ஆம் ஆண்டுகளின் தீபாவளி இரண்டிலும் பாகவதர் சிறையில் இருந்தார். கொட்டகையில் அவர் உருவம் பாடிக்கொண்டிருந்தது, கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது, மனிதர் மட்டும் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். கொட்டகைக்குச் சென்று அவரைக் கண்டு உருகியவர்களில் சிலரேனும் அதே வாரத்தில் அவரை இழிவு செய்த இதழையும் காசு கொடுத்து வாங்கியிருக்கத்தானே வேண்டும்? வாங்குவார் இல்லையேல் அப்படியோர் இதழ் எவ்வாறு நடந்திருக்கும்? இரசிகரின் அன்புக்கும் வேவு பார்க்கும் ஆசைக்கும் இடையே உள்ள சுவர் மிகவும் மெல்லியது.

விடுதலைக்குப் பின் கலைவாணர் மீண்டும் வென்றார். 'நல்லதம்பி' வந்தது, 'மணமகள்' வந்தது. ஆனால் வந்ததையெல்லாம் வாரிக் கொடுத்த அவர் 1957இல் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை. முன்னர் ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைநழுவியிருந்தன. 1948இல் வந்த 'ராஜமுக்தி' வெற்றி பெறவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் அவ்வாறே. அதே 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனா நகரம் சென்ற புதுமைப்பித்தன் அங்கே காசநோய் முற்றித் திரும்பி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உயிர் நீத்தார். அவர் வயது நாற்பத்திரண்டு. திரையில் முகம் தோன்றாத எழுத்தாளரும் விலை கொடுத்தார் என்பதற்காக இதனை இடையில் சொல்லிவைத்தேன். பாகவதர் 1959 நவம்பர் முதல் நாள் சென்னை அரசினர் மருத்துவமனையில் இறந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது நிறையவில்லை.

இனி எங்கள் போடிக்கே வருகிறேன். 1989 ஜனவரியில் இங்கே சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றவர் செல்வி ஜெயலலிதா. அப்போது நான் இளம் ஆசிரியன். அரசியல் நம் பேச்சுக்குப் புறம்பானது. நான் சொல்ல வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றி. மலையிலிருந்து தொழிலாளர்கள் இறங்கி வந்தார்கள். வண்டியைச் சுற்றி நெருக்கினார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்த நான் கண்டது முன்னால் நின்றவர்களின் பிடரிகளை மட்டுமே. எனக்கு அருகில் நின்ற பெண்மணி, "மகராசியாப் பொறந்தா இப்படிப் பொறக்கணும்" என்றார். அந்த மகராசி சென்னைச் சர்ச் பார்க் பள்ளியில் மிக நன்றாகப் படித்த மாணவி என்பதும், கல்லூரிக்குச் செல்ல விரும்பியவர் என்பதும், இரண்டு வயதில் தந்தையை இழந்த குடும்பத்தின் நிலை கருதித் தாயின் சொற்படி நடிக்க வந்தவர் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. 'வெண்ணிற ஆடை' வந்த 1965இல் அவருக்கு வயது பதினேழு. பிற்காலத்துத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், நடிப்பு தாம் விரும்பி ஏற்ற தொழில் அன்று என்று அவர் சொல்லக் கேட்டபோது, ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு கனத்தது. வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்த ஒரு பெண், படிப்பைப் பாதியில் விட்டுச் செல்லும் காட்சியை நான் எத்தனையோ முறை கண்டவன். அவர்கள் ஏலம் எடுக்கப் போனார்கள்; இவர் படப்பிடிப்புக்குப் போனார். அவ்வளவே வேற்றுமை.

நடிகையர் திலகம் சாவித்திரியும் சிறுமியாய் இருந்தபோதே மேடையேறியவர். அவர் 1981 டிசம்பரில் இறந்தார்; அதற்குமுன் பத்தொன்பது மாதங்கள் நினைவிழந்து கிடந்தார். அவருடைய துன்பங்களைப் பற்றி எழுதியவர்கள் மிகப் பலர். நான் அவற்றை மீண்டும் எடுத்துரைக்க விரும்பவில்லை. அப்படி எடுத்துரைத்துச் சுவைப்பதும் 'இந்து நேசன்' வாசகர் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. அமெரிக்காவில் ஜூடி கார்லண்ட் என்ற சிறுமி பாடி நடித்து உலகப்புகழ் பெற்றாள். களைப்புத் தெரியாமல் நடிக்க ஒரு மாத்திரையும், பிறகு உறங்க வேறொரு மாத்திரையும் தனக்குக் கொடுக்கப்பட்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார். 1969இல் நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். அளவு மீறிய தூக்கமருந்தே காரணம். சார்லி சாப்ளினோடு 1921இல் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவனின் கதை வேறு வகை. அவன் பெரும்பொருள் ஈட்டினான். வயது வந்தபின் கேட்டபோது பெரும்பகுதி செலவாகிவிட்டிருந்தது. 1938இல் பெற்ற தாயின்மீதும் மாற்றாந்தந்தையின்மீதும் அவன் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. மறு ஆண்டே கலிபோர்னியா மாநிலத்தில், நடிக்கும் குழந்தைகளின் வருவாயில் ஒரு பகுதியை அவர்களுக்கென ஒதுக்கி வைப்பதற்கான சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் அத்தகைய விதி வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு விதிகள் வந்தன. அவற்றின்படி, குழந்தையை நடிப்பிலோ பாட்டிலோ ஈடுபடுத்துவோர் மாவட்ட ஆட்சித்தலைவரின் இசைவைப் பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. படிப்பு தடைப்படாதிருக்க ஏற்பாடு வேண்டும். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் நிலைவைப்பாக இட வேண்டும். நல்ல விதிகள். உங்கள் வீட்டுத் தம்பி தங்கையர் போட்டிகளுக்குப் போவதானால் பெற்றோர்க்கு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் கைதட்டலுக்கு ஏங்கும் மனத்துக்கு எந்தச் சட்டம் கணக்கு வைக்கும்? இப்பொழுது கம்பெனியும் வேண்டியதில்லை, கொட்டகையும் வேண்டியதில்லை. கைப்பேசியில் தாமே படம் பிடித்துப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நள்ளிரவில் எழுந்து எண்ணும் பிள்ளைகளை நான் அறிவேன்.

இப்போது மகரக்கட்டுக்குத் திரும்புகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த இறுதி ஆண்டுகளில் எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் இருந்தான். பெற்றோர் இருவரும் நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்கள். காலை வணக்கத்தில் அவன் பாடினால், சமையற்கூடத்து அம்மாள் கரண்டியைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்து நிற்பார். ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தவன் நான், நிரப்பியவனும் நான். பையன் தேர்வாகிச் சென்னைக்குப் போனான். துணைக்குச் சென்ற தாய்க்கு மூன்று மாதக் கூலி போயிற்று. பள்ளிச் சுவரில் அவன் படத்தைப் பெரிதாக எழுதுவித்தவனும் நானே. பரிசுக்குச் சற்று முன்னதாக அவன் வெளியேறி ஊர் திரும்பினான். அதன்பின் கடைக்குப் போனாலும் பாடச் சொன்னார்கள். இழவு வீட்டுக்குப் போனாலும் பாடச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் அவன் பாட்டைக் கேட்கவே வந்ததாகச் சொன்னார். பையன் காலையிலேயே என் அறைக்கு வந்து, "சார், தொண்டை என்னமோ மாதிரி இருக்கு, இன்னைக்கு வேண்டாம் சார்" என்றான். சுக்கு வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு வயது பதின்மூன்று. ஆசிரியப் பயிற்சியில் உளவியல் படித்தவன் நான். மகரக்கட்டைப் பற்றி அறியாதவனும் அல்லன். பாராட்டு மாணவனை ஊக்கும் என்று அங்கே படித்தேன். அந்தப் பாராட்டு அவனிடமிருந்து எதைக் கேட்டு வாங்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மேடையில் இரண்டாவது அடியில் குரல் பிளந்தது. மன்றம் முழுதும் சிரித்தது. தேநீர்க் கடை வாயிலில் நான் சிரித்த அதே சிரிப்பு அது.

அவன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தான், ஆனால் காலை வணக்கத்துக்கு மட்டும் வேண்டுமென்றே தாமதமாக வருவான். நான் ஒருநாளும் அதற்காக அவனைக் கடிந்துகொண்டதில்லை. மன்னிப்புக் கேட்டதும் இல்லை. சுவரில் இருந்த அவன் படத்துக்கு அந்தக் கோடை விடுமுறையில் சுண்ணாம்பு அடிக்கச் செய்தேன்.

இந்தப் பேச்சை எழுதத் தொடங்கிய வாரத்தில் அவரைத் தேடிச் சென்றேன். இப்பொழுது அவர் மலைமேல் ஒரு தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். பச்சைக்காயின் நிறம் மாறாமல் சூட்டைப் பார்த்து உலர்த்தும் வேலை. இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். கட்டன் காப்பி வாங்கிக் கொடுத்தார். அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். அவருடைய கதையை வானொலியில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க சார். பேரை மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் யாராவது பாடச் சொல்லி வந்துடுவாங்க."

இப்போதும் பாடுவதுண்டா என்று நான் கேட்கவில்லை.